கறுக்காத இலை: ஸ்டார்ச் சோதனை எங்கே சொதப்புகிறது?

ஒளிச்சேர்க்கைப் பாடம் வந்தால் கூடவே இந்தச் சோதனையும் வரும். இலையின் ஒரு பகுதியைக் கறுப்புத்தாளால் மூடி, வெயிலில் வைத்து, பச்சையத்தை நீக்கி அயோடின் விட வேண்டும். வெயில் பட்ட இடத்தில் ஸ்டார்ச் (மாவுச்சத்து) உண்டாகியிருப்பதால் அது கருநீலமாகும், மூடிய இடம் அயோடினின் பழுப்பிலேயே நிற்கும். 1860களில் ஜெர்மன் தாவரவியலாளர் ஜூலியஸ் ஃபான் சாக்ஸ் காட்டிய வழி இது. பார்க்க எளிது. ஆனால் செய்து பார்த்தால் பல நேரம் இலை முழுவதும் கறுத்துவிடும், இல்லையென்றால் ஒன்றுமே ஆகாது.

முழுவதும் கறுத்தால், இருட்டில் வைத்தது போதவில்லை. பழைய ஸ்டார்ச் தீர்ந்தால்தான் புதியது தெரியும். தொட்டிச் செடியை 48 மணி நேரம் அலமாரிக்குள் வையுங்கள். வெளியே எடுத்ததும் ஓர் இலையைப் பறித்துச் சோதியுங்கள். நீலம் வந்தால் இன்னும் ஒரு நாள் வேண்டும். பலரும் விட்டுவிடும் படி இதுதான்.

செம்பருத்தியும் காசித்தும்பையும் நல்ல தேர்வு. அரளி போன்ற தடித்த, மெழுகு படிந்த இலைகளுக்குள், பச்சையத்தை நீக்கும் ஸ்பிரிட் (எத்தனால்) எளிதில் இறங்காது. வெங்காயத்தாள் வேண்டவே வேண்டாம். அது உணவைச் சர்க்கரையாகவே வைத்துக்கொள்கிறது.

கறுப்புத்தாளை இலையின் இருபுறமும் வைத்து கிளிப் போடுங்கள். தாள் வெளிச்சத்தோடு காற்றையும் ஓரளவு தடுக்கும். அதனால் பக்கத்து இலையில் அதே அளவு கண்ணாடித்தாளை அதே மாதிரி கிளிப் போட்டு வைப்பது நல்லது. அந்த இடம் கறுத்தால், காரணம் வெளிச்சம்தான் என்று அடித்துச் சொல்லலாம். நான்கைந்து மணி நேர வெயில் பட்டதும், பிற்பகலில் பறித்து உடனே சோதியுங்கள்.

இலையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போடுங்கள். செல்கள் செத்துச் சவ்வுகள் உடைந்தால்தான் ஸ்பிரிட்டும் அயோடினும் உள்ளே போகும்.

இனி அடுப்பை அணைத்துவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எத்தனால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, மேசையோடு தவழ்ந்து போய்ப் பக்கத்து மேசை நெருப்பிலும் பற்றிக்கொள்ளும். சோதனைக்குழாயில் இலை மூழ்கும் அளவு ஸ்பிரிட் ஊற்றி, இறக்கிவைத்த வெந்நீர் பீக்கருக்குள் நிறுத்துங்கள். ஐந்து முதல் பத்து நிமிடத்தில் ஸ்பிரிட் பச்சையாகும், இலை வெளிறும். பச்சை மிச்சமிருந்தால் ஸ்பிரிட்டையும் வெந்நீரையும் மாற்றுங்கள்.

வெளிறிய இலை அப்பளம் போல முறியும். வெதுவெதுப்பான நீரில் முக்கினால் துவண்டுவிடும். பிறகு அதை நன்றாக ஆறவிட வேண்டும். ஸ்டார்ச்சின் சுருள் வடிவ மூலக்கூறுக்குள் அயோடின் போய் உட்காருவதால்தான் அந்த நீலம் வருகிறது, சூட்டில் அது கலைந்துவிடும். சுடச்சுட அயோடின் விட்டுவிட்டு “நிறமே வரவில்லை” என்று இலையைத் தூக்கிப் போடுவது இதனால்தான்.

அயோடின் கரைசல் இல்லையென்றால் மருந்துக்கடையில் கிடைக்கும் போவிடோன் அயோடின் திரவம் போதும், களிம்பு உதவாது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்தால் பால் விடாத டீயின் நிறத்துக்கு வரும். முதலில் ஆறிய சோற்றுக்கஞ்சியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். அங்கேயே நீலம் வராவிட்டால் குற்றம் இலைமேல் இல்லை. வெள்ளைத் தட்டில் இலையை விரித்து, மேலே பரவலாக விட்டு, இரண்டு நிமிடம் கழித்துக் கழுவிப் பாருங்கள்.

கஞ்சி போட்ட சீருடையில் அயோடின் தெறித்தால் அங்கேயும் அதே நீலம்தான். வைட்டமின் சி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துத் தேயுங்கள், கறை மறைந்துவிடும்.