1930-களின் கிராமத்துப் பாத்திரத்துக்கு உடை: பின்கொசுவத்திலிருந்து தொடங்குங்கள்

கல்லூரி நாடகமோ குறும்படமோ, கதை 1930-களில் செட்டிநாட்டுப் பக்கம் நடக்கிறது என்று சொன்னதுமே உடைப் பொறுப்பாளர் ஜவுளிக்கடைக்குக் கிளம்பிவிடுவார். கொஞ்சம் பொறுங்கள். காலத்தைக் காட்டுவதில் துணியைவிடக் கட்டுக்குத்தான் பங்கு அதிகம். இங்கே வேண்டிய கட்டு பின்கொசுவம், அதாவது சேலை மடிப்புகளை முன்னால் செருகாமல் பின்னிடுப்பில் செருகுவது. செட்டிநாட்டுக் கட்டம் போட்ட பருத்திச் சேலையான அசல் கண்டாங்கியே வாங்கினாலும், முன்கொசுவம் வைத்து, தோளில் மடிப்பு மடிப்பாக ஊக்குக் குத்தினால் மேடையில் நிற்பது இன்றைய கல்யாண வீட்டு விருந்தாளிதான்.

பாத்திரம் யார்?

வயது, வேலை, வசதி, சாதி நான்கையும் இயக்குநரிடம் கேளுங்கள். கடைசியைக் கேட்கப் பலரும் தயங்குவார்கள். ஆனால் அன்று உடை என்பது அவரவர் விருப்பம் மட்டும் இல்லை. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய தெற்குத் திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மேலுடம்பை மறைக்கும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடினார்கள். 1859 ஜூலையில் வந்த அரசாணைகூட, உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ஆகவே பாத்திரங்கள் எல்லாருக்கும் ஒரே தையல்காரரிடம் ஒரே அளவில் ரவிக்கை தைத்துக் கொடுப்பது சோம்பேறித்தனம். கிராமத்து மூத்த பெண்கள் பலர் 1930-களிலும் ரவிக்கை போட்டதில்லை. அந்தப் பாத்திரத்துக்கு உடம்பு நிறத்தில் தோள் தெரியும் உள்ளாடை கொடுத்து, அது மறையும்படி சேலையைச் சுற்றலாம்.

ஆண்களுக்கு வேட்டியும் துண்டும் போதும். காங்கிரஸ்காரர் என்றால் கதர். காந்தி மதுரையில் அரையாடைக்கு மாறியது 1921 செப்டம்பரில்; உங்கள் கதை அதற்குப் பிந்தியது.

துணி

பருத்தி மட்டும்தான். பாலியஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டதே 1941-இல். கடைக்காரர் சொல்வதில் சந்தேகம் இருந்தால், ஓரத்தில் ஒரு நூலை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகி உருண்டையாக இறுகினால் கலப்பு.

நிறத்தில் பயப்படாதீர்கள். பழைய படங்கள் கறுப்பு வெள்ளையில் இருப்பதால், அந்தக் காலத்து மனிதர்களும் மங்கலாகவே உடுத்தினார்கள் என்று நினைத்து, எல்லாரையும் பழுப்பில் முக்கி எடுக்கிறார்கள். எனக்குப் பிடிக்காத பழக்கம் இது. வேதியியல் சாயங்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டன. கண்டாங்கிக் கட்டங்களில் மஞ்சளும் அரக்கும் கறுப்பும் பளிச்சென்றுதான் இருக்கும்.

கட்டும் முறை

பின்கொசுவம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். புதியவர்களுக்கு எளிதான ஒரு முறை இது. எட்டு கெஜம் கிடைத்தால் நல்லது. ஒல்லியானவருக்கு ஐந்தரை மீட்டரிலும் வரும். பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்.

1. உள்பாவாடை வேண்டாம். அரைக்கால் சட்டை போட்டு, இடுப்பில் பருத்தி நாடாவை இறுக்கிக் கட்டுங்கள்.

2. முந்தானை இல்லாத நுனியிலிருந்து, ஒரு சாண் அகலத்தில் ஆறேழு மடிப்பு எடுங்கள். அதுதான் கொசுவம்.

3. கொசுவத்தைப் பின்னிடுப்பின் நடுவில் வைத்து நாடாவுக்குள் செருகுங்கள். மேல்பகுதி நாடாவுக்கு மேலே நான்கைந்து விரல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

4. மீதிச் சேலையை வலப்பக்கமாக முன்னால் கொண்டுவந்து, இடப்பக்கம் வழியாகப் பின்னால் எடுத்து, கொசுவத்தின் மேலேயே இறுக்கிச் சுற்றுங்கள். கொசுவத்தைப் பிடித்து நிறுத்துவது இந்தச் சுற்றுதான். தளர்ந்தால் எல்லாம் போச்சு. கீழ்க்கரை கணுக்காலுக்கு மேலே நிற்கட்டும்.

5. நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை வெளியே கவிழ்த்து விரித்துவிடுங்கள். விசிறி மாதிரி விழும்.

6. அப்புறம் சேலையை வலக்கைக்கு அடியில் கொண்டுவந்து, மார்பைச் சுற்றி இடத்தோளில் போட்டு, முந்தானையை முதுகுப் பக்கமிருந்து இழுத்து முன்னிடுப்பில் செருகுங்கள். தோளில் மடிப்பு எடுக்காதீர்கள், துணி தானாக விழட்டும்.

கட்டி முடித்ததும் நடிகையைக் குந்தி உட்காரச் சொல்லுங்கள், குடத்தை இடுப்பில் வைத்து நடக்கச் சொல்லுங்கள். முன்னால் கொசுவம் தடுக்காததால் நடை தாராளமாகும். நாற்று நடுகிறவர்களுக்கும் களை எடுக்கிறவர்களுக்கும் தோதான கட்டு இது.

பழசாக்குவது

புதுச் சேலையில் கஞ்சி போகும்வரை இரண்டு மூன்று தடவை தனியாக அலசுங்கள், சாயமும் விடும். வேலைக்காரப் பாத்திரம் என்றால் கீழ்க்கரையிலும் முந்தானை நுனியிலும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஈரத்தில் கொஞ்சம் செம்மண் பூசிக் காயவையுங்கள். உடம்பில் எங்கே தேயுமோ அங்கே மட்டும். சேலை முழுக்க அழுக்காக்கினால் வேஷம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஒத்திகையின் கடைசி ஒரு வாரமாவது நடிகை இந்தக் கட்டிலேயே இருக்கட்டும். முந்தானையைச் சரிசெய்யக் கை அடிக்கடி தோளுக்குப் போகிறதா என்று கவனியுங்கள். போனால், நாலாவது படியை இன்னும் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.