ஃபெஸ் நகரப் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொராக்கோ கிளம்புகிறவர்கள் பயணத் திட்டத்தை எனக்கு அனுப்பி, "ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஓட்டை இருக்கும். ஃபெஸ்ஸுக்கு நான் முதன்முதலில் போட்ட திட்டத்திலும் அதே ஓட்டைதான். அதனாலோ என்னவோ, அடுத்தவர் தாளில் அதைக் கண்டால் இன்னும் எரிச்சல் வருகிறது.

பாஸ்போர்ட் நகல், வசதியான காலணி, பயணக் காப்பீடு பற்றியெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாமல் யாரும் விமானம் ஏறுவதில்லை.

ஃபெஸ்ஸைக் கடைசியில் வைத்து, ஒரு நாள் ஒதுக்குவது

மொராக்கோவை ஆண்ட வம்சங்கள் வெவ்வேறு காலங்களில் தலைநகராக வைத்திருந்த ஊர்கள் நான்கு: ஃபெஸ், மராகேஷ், மெக்னெஸ், ரபாத். மலிவான விமானச் சீட்டு மராகேஷுக்குத்தான் எளிதாகக் கிடைக்கும். பார்த்த உடனே போக, வர இரண்டுக்கும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். திட்டம் கெடுவது அந்த நிமிடத்தில்தான். அப்புறம் எல்லாம் தானாக வந்து விழும்: மராகேஷில் மூன்று நாள், அங்கிருந்து மூன்று நாள் பாலைவனச் சுற்று, சுற்று ஃபெஸ்ஸில் முடிகிறது, ஃபெஸ்ஸில் 'ஒரு நாள்', பிறகு ரயிலேறி மறுபடி மராகேஷ்.

தாளில் பார்த்தால் குறையே தெரியாது. தரையில் நடப்பது வேறு. சுற்றின் மூன்றாம் நாள், மெர்ஸூகா மணல்மேட்டில் சூரியோதயம் பார்க்க விடியும் முன்பே எழுப்புவார்கள். அங்கிருந்து ஃபெஸ் ஏறக்குறைய 460 கிலோமீட்டர். ஸிஸ் பள்ளத்தாக்கு, மிதெல்த், அஸ்ரூ, இஃப்ரான் என்று பகல் முழுக்க வேனில்தான். ஊர் வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். பழைய நகரமான மெதினாவுக்குள் வண்டி போகாது, வாசலில் இறக்கிவிட்டுவிடுவார்கள். இருட்டில், பெட்டியோடு, களைப்போடு, பெயர்ப்பலகை இல்லாத சந்தில் தங்குமிடம் தேட வேண்டும். மறுநாள்தான் அந்த 'ஒரு நாள்'. அதற்கடுத்த நாள் மராகேஷ் திரும்ப ரயிலில் ஏழு மணி நேரம் போய்விடும்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு தம்பதிக்கு அந்த ஒரு நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. முன்கூட்டியே சொன்னேன். "டூரிஸ்ட் ஊர்தானே அண்ணா, கடையைச் சாத்திவிட்டு யார் பிழைப்பது?" என்று பதில் வந்தது. ஃபெஸ் அப்படிப்பட்ட ஊர் இல்லை. அங்கே கடைத்தெரு அந்த ஊர்க்காரர்களுக்காக நடக்கிறது. நாம் இடையில் புகுந்து பார்க்கிறோம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை நண்பகல் ஜும்மா தொழுகை, பிறகு வீட்டில் குடும்பத்தோடு கூஸ்கூஸ் சாப்பாடு. பல கடைகள் காலையிலிருந்தே திறப்பதில்லை. மத்ரஸா என்று பார்க்கப் போகும் பூ இனானியா ஜும்மா பள்ளிவாசலும்கூட, ஆகவே தொழுகை நேரத்தில் சுற்றுலாக்காரர்களை உள்ளே விடமாட்டார்கள். மாலையில் அங்கிருந்து ஃபோன் வந்தது: "அண்ணா, சாத்திய கதவைத்தான் பார்த்தோம்." திறந்திருந்தது ஒரு கம்பளக் கடை. அதனால் கம்பளம் வாங்கியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை இல்லாவிட்டாலும் ஒரு நாள் ஏன் போதாது? ஆற்றின் ஒரு கரையில் 789-இல் முதலாம் இத்ரீஸ் தொடங்கிய ஊர் இது. 9-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் மகன் இரண்டாம் இத்ரீஸ் எதிர்க்கரையிலும் எழுப்பினார். ஸ்பெயினின் கொர்தோபாவிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்கள் ஒரு கரையிலும், துனிசியாவின் கைரவானிலிருந்து வந்தவர்கள் மறுகரையிலும் குடியேறினார்கள். அந்த இரட்டை ஊர்தான் இன்றைய ஃபெஸ் எல்-பாலி. யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது 1981-இல். உள்ளே ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு தெரு. அத்தாரீனில் மசாலா, செஃபாரீன் சதுக்கத்தில் செம்புப் பாத்திரம் தட்டுகிறவர்கள், நஜ்ஜாரீனில் தச்சர்கள், ஷுவாராவில் தோல். இவை திறக்கவே காலை பத்து மணி ஆகும். அதற்கு முன் சந்துகளில் பாரம் சுமக்கும் கழுதைகளும், "பாலக்! பாலக்!" என்று வழி விடச் சொல்லிக் கத்தும் கழுதைக்காரர்களும்தான். நண்பகல் வெயில், தொழுகை, சாப்பாடு. இருட்டினால் பல சந்துகள் வெறிச்சோடும். கணக்குப் பாருங்கள்: ஒரு முழு நாளில் ஊர் உங்களுக்குத் திறந்திருப்பது ஆறேழு மணி நேரம். அதில் வழி தவறிச் சுற்றும் நேரத்தையும் கழியுங்கள்.

வழி தவறத்தான் செய்வீர்கள். சுவர்கள் உயரம், சந்துகள் குறுகல், கைபேசி வரைபடத்தில் நீலப்புள்ளி பக்கத்துச் சந்துக்குத் தாவும். முதல் நாள் அதனால் பதற்றமாக இருக்கும். இரண்டாம் நாள் பிடிபட்டுவிடும், ஏனென்றால் இந்த மெதினா ஒரு கிண்ணம். மேல் விளிம்பில் பாப் பூஜ்லூத் வாசல், அங்கிருந்து தலா க்பீரா, தலா ஸ்கீரா என்று இரண்டு பெரிய தெருக்கள் கீழே கரவிய்யீன் பள்ளிவாசல் வரை இறங்குகின்றன. அடியில் ஆற்றோரம் ர்சீஃப் சதுக்கம். குழம்பினால் இறக்கத்திலேயே போங்கள், ர்சீஃபில் சிவப்பு டாக்ஸி நிற்கும். (சின்ன டாக்ஸியில் மூன்று பேர்தான் ஏறலாம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்றால் இரண்டு வண்டி.) இது காலுக்குப் பழகும்போது ஒரு நாள்காரர் ரயிலில் உட்கார்ந்திருப்பார்.

இதற்கு மாற்று செலவு அதிகமானதும் இல்லை. திசையை மாற்றினால் போதும். காசாபிளாங்காவிலிருந்து ஃபெஸ் போகும் ரயில் ரபாத், மெக்னெஸ் வழியாகத்தான் போகிறது. நான்கு தலைநகரங்களில் மூன்று ஒரே தண்டவாளத்தில் கிடக்கின்றன. மராகேஷ் மட்டும் எதிர்த்திசை. ஆகவே காசாபிளாங்காவில் இறங்குங்கள், சுமார் நான்கு மணி நேரத்தில் ஃபெஸ். ஐரோப்பாவிலிருந்து போகிறவர்களுக்கு ஃபெஸ்ஸுக்கே நேர் விமானங்கள் உண்டு. உடம்பில் தெம்பு இருக்கும்போது அங்கே மூன்று இரவாவது தங்குங்கள். மராகேஷிலிருந்து ஃபெஸ்ஸுக்கு வரும் அதே பாலைவனச் சுற்றை ஃபெஸ்ஸிலிருந்து மராகேஷுக்கும் நடத்துகிறார்கள். அதில் ஏறி மராகேஷில் முடித்து, அங்கிருந்தே ஊர் திரும்புங்கள். ஒரு ஊரில் இறங்கி இன்னொரு ஊரில் ஏறும் சீட்டுக்குச் சில சமயம் கொஞ்சம் கூடுதல் கேட்பார்கள். அந்த ஏழு மணி நேர ரயிலையும் வீணாகும் நாளையும் கணக்கில் சேர்த்துவிட்டு அப்புறம் அதை விலை அதிகம் என்று சொல்லுங்கள்.

மூன்று இரவில் ஒரு வெள்ளி வந்தால் கவலை இல்லை. அன்று வொலுபிலிஸ் போங்கள். ரோமானிய இடிபாடுகளுக்கு ஜும்மா கிடையாது. அல்லது மரீனிய வம்சத்தார் 1276-இல் கட்டிய ஃபெஸ் எல்-ஜ்தீத், அதையொட்டி 1438-இல் உருவான யூதக் குடியிருப்பான மெல்லா, மாலையில் மரீனியக் கல்லறைகள் இருக்கும் குன்று. ஊர் முழுவதும் கீழே தெரியும்.

கரவிய்யீனுக்குள் போகலாம் என்று நம்பிப் போவது

ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி என்ற பெண் 859-இல் நிறுவியதாக மரபு சொல்லும் பள்ளிவாசல் அது. "உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம்" என்று படித்துவிட்டு வாசலில் போய் நிற்பார்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. கதவு திறந்திருக்கும்போது எட்டிப் பார்க்கலாம், அவ்வளவே. முஸ்லிம் வாசகர்கள் தொழுகைக்குத் தாராளமாகப் போகலாம். மற்றவர்கள் பக்கத்திலேயே இருக்கும் அத்தாரீன் மத்ரஸாவில் நேரத்தைச் செலவிடுங்கள். 1325-இல் முடிந்தது, சிறிய முற்றம், ஆனால் ஓடு வேலையும் சுதை வேலையும் தேவதாரு மரச் செதுக்கலும் கைக்கெட்டும் தூரத்தில்.

பூ இனானியாவையும் விடாதீர்கள். அதைக் கட்டிய அபூ இனான் என்ற மரீனிய சுல்தான்தான், ஊர் திரும்பிய இப்னு பதூதாவைத் தன் பயணங்களைச் சொல்லவைத்து, இப்னு ஜுஸய் என்ற அறிஞரைக் கொண்டு எழுதவைத்தவர். 1355-இல் முடிந்த அந்த நூலில் நம் மதுரையும் வருகிறது, அங்கே அவர் கண்ட கொள்ளைநோயோடு. அப்போதைய மதுரை சுல்தான் கியாசுத்தீன் அவருக்குச் சகலை முறை. வழிகாட்டிகளிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் நம்மை நடத்தும் விதமே வேறு.

"அந்த வழி மூடியிருக்கு"

சந்தில் யாராவது இப்படிச் சொன்னால் நம்பாதீர்கள். மூடியிருக்காது. நடந்துகொண்டே இருங்கள்.

தோல் பதனிடும் இடத்துக்கு டிக்கெட் வாங்குவது

ஷுவாராவைப் பார்க்கப் பலகணி வைத்திருப்பவை சுற்றியுள்ள தோல் கடைகள். கடைக்காரர் ஒரு கொத்துப் புதினாவைக் கொடுத்து மாடிக்கு அனுப்புவார். கீழே சுண்ணாம்பும் புறாவின் எச்சமும் கலந்த தொட்டிகள், அப்பால் சாயத் தொட்டிகள். இறங்கும்போது கடை வழியாகத்தான் வர வேண்டும், அதுதான் கட்டணம். வாங்க விருப்பமில்லையென்றால் சின்னத் தொகை ஒன்றைக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லிப் போகலாம், யாரும் கோபிக்கமாட்டார்கள். சந்து முனையில் 'நுழைவுக் கட்டணம்' கேட்கிறவருக்கும் அந்தத் தொட்டிகளுக்கும் சம்பந்தமில்லை.

ரியாதைப் படம் பார்த்துப் பதிவு செய்வது

ரியாத் என்பது நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு, இப்போது தங்குமிடம். முற்றம், நீரூற்று, ஓடு எல்லாம் எல்லாப் படத்திலும் இருக்கும். கேட்க வேண்டியது வேறு: வண்டி கடைசியாக எங்கே நிற்கும், அங்கிருந்து எத்தனை நிமிட நடை, வாசலுக்கு யாராவது வந்து அழைத்துப் போவார்களா. பழைய வீடுகளில் லிஃப்ட் கிடையாது. படிகள் உயரமாகவும் செங்குத்தாகவும் இருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் தரைத்தள அறை கேட்டு வாங்குங்கள். பெட்டிக்குத் தள்ளுவண்டிக்காரர்கள் உண்டு, கூலியை முதலிலேயே பேசிவிடுங்கள். குளிர்காலம் என்றால் ஹீட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். திறந்த முற்றமும் ஓட்டுத் தரையும் ஜனவரியில் எலும்பு வரை குளிரும்.

சைவத்துக்கு எதுவும் கிடைக்காது என்று ரொட்டியைக் கட்டிக்கொண்டு போவது

கிடைக்கும், ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறக்கூடாது. ஏழு காய்கறிக் கூஸ்கூஸும் ஹரீரா சூப்பும் பல இடங்களில் இறைச்சிச் சாற்றில்தான் வேகும். "ப்லா ல்ஹம்" என்றால் இறைச்சி இல்லாமல் என்று பொருள். சாறும் வேண்டாம் என்பதைத் தனியாகக் கேட்டு உறுதி செய்ய வேண்டும். கத்தரிக்காயில் செய்யும் ஸஅலூக் நம்பத் தகுந்தது. காலையில் மெதினாவில் கிண்ணம் கிண்ணமாக விற்கும் பிஸாரா, உலர்ந்த மொச்சை வகைப் பருப்பை மசித்து ஆலிவ் எண்ணெயும் சீரகமும் போட்டது. எனக்கு ஃபெஸ்ஸில் பிடித்த சாப்பாடே அதுதான்.

ரமலானில் கடிகாரம்

மொராக்கோ 2018 முதல் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் இருக்கிறது, ரமலானில் மட்டும் அந்த ஒரு மணியைப் பின்னுக்குத் தள்ளிவிடும். மாற்றம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் ரயிலோ விமானமோ இருந்தால் கைக்கடிகாரத்தை நம்பாதீர்கள்.

ஆகஸ்ட்

வேண்டாம்.

திர்ஹாமை மிச்சம் வைப்பது

வெளிநாட்டில் அதை மாற்றுவது பெரும்பாடு. விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். முதலில் பணம் மாற்றியபோது கொடுத்த ரசீதைக் கேட்பார்கள்.