ஓய்வுபெற்ற தம்பதியர் கூடாரமும் தூண்டிலும் கொண்டு ஏரிக்கரைக்குப் போய்வரும் முறை

கனடாவின் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் வாழும் நம்மவர்களில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பலர், கூடாரம் போட்டு ஏரிக்கரையில் தங்குவதை இளம் பிள்ளைகளுடைய பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் ஒன்ராறியோவின் மாகாணப் பூங்காக்கள் ஓய்வுபெற்றவர்களுக்குத்தான் மிகவும் பொருந்தும். வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்காத வாரநாட்கள் நம் கையில் இருக்கின்றன. எனக்கு 68 வயது, மனைவிக்கு 63. ஆறு கோடைகளாக இருவரும் இப்படிப் போய்வருகிறோம். முழங்கால் வலி, நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் எங்கள் வீட்டில் உண்டு. அவற்றோடும் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் பொறுப்போடும் எப்படிப் போய்வரலாம் என்பதை, அடுத்த கோடையில் முதன்முறையாகப் புறப்பட நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை குடும்ப நாட்காட்டியில் இருக்கிறது. காலை ஏழரைக்கு மகள் பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதோடு தொடங்கி, பின்னேரம் ஆறு மணிக்கு அதற்குச் சோறு தீத்துவதோடு முடிகிற நாள்தான் நம்மில் பலருடைய நாள். விரும்பி ஏற்ற பொறுப்பு அது. ஆனால் திகதி குறிக்காமல், "வசதிப்பட்டால் போவோம்" என்று இருந்தால் அந்த வசதி ஒருபோதும் வராது. மாகாணப் பூங்காக்களில் கூடார இடங்களை ஐந்து மாதங்களுக்கு முன்பிருந்தே, காலை 7 மணிக்குத் திறக்கும் இணையப் பதிவில் எடுக்கலாம். செப்டெம்பர் நடுப்பகுதியில் போவதாயின் ஏப்ரல் நடுப்பகுதியில் முடிவு எடுத்திருக்க வேண்டும். சித்திரை வருடப்பிறப்பும் அதே நாட்களில் வருவதால், அன்றைய மதியச் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் எல்லோரும் கூடியிருக்கும்போதே நாங்கள் திகதியைச் சொல்லிவிடுகிறோம். மகளும் மருமகனும் ஆளுக்கு இரண்டு நாட்கள் விடுப்பெடுக்க ஐந்து மாத அவகாசம் அவர்களுக்குப் போதும். கடைசி வாரத்தில் சொன்னால்தான் மனவருத்தம் வரும்.

செப்டெம்பரை நாங்கள் தேர்ந்தெடுப்பதற்குக் காரணங்கள் உண்டு. மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் முடியும்வரை கடிக்கும் கருநிறச் சிற்றீக்களும், அவற்றைத் தொடர்ந்து நுளம்புகளும் காட்டுப்பகுதியில் மனிதரை இருக்கவிடாது. ஜூலையிலும் ஓகஸ்ட்டிலும் பூங்காக்கள் நிறைந்திருக்கும். செப்டெம்பர் முதல் திங்களன்று வரும் தொழிலாளர் தினத்துக்குப் பிறகு பாடசாலைகள் தொடங்கிவிடும். மூத்த பேரப்பிள்ளைகள் பகலில் வீட்டில் இருக்கமாட்டார்கள், பூங்காவில் வாரநாட்களில் இடம் தாராளமாகக் கிடைக்கும், ஏரித் தண்ணீரிலும் சூடு இன்னும் மிஞ்சியிருக்கும். திங்கட்கிழமை புறப்பட்டு வியாழக்கிழமை திரும்புங்கள். மூன்று இரவுகள் என்பது எங்கள் அனுபவத்தில் சரியான அளவு: முதல் நாள் கூடாரம் அடிப்பதிலேயே போய்விடும், இரண்டாம் மூன்றாம் நாட்கள் முழுமையாக உங்களுடையவை, அதற்கு மேல் இருந்தால் உடம்பு வீட்டுக் கட்டிலைத் தேடத் தொடங்கிவிடும்.

முதல் பயணத்தில் நாங்கள் இதற்கு நேர்மாறாக நடந்தோம். ஓகஸ்ட் நீண்ட வார இறுதியில், 250 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்த பூங்காவொன்றில் ஐந்து இரவுகளுக்குப் பதிந்துகொண்டு போனோம். கிடைத்த இடம் பள்ளமாக இருந்தது. இரண்டாம் இரவு பெய்த மழையில் கூடாரத்தின் அடியில் தண்ணீர் தேங்கிவிட, தரையோடு கிடந்த காற்று மெத்தையிலிருந்து எழும்பமுடியாமல் மனைவி என் தோளைப் பிடித்தபடி, "இஞ்சாருங்கோ, விடிஞ்சதும் வீட்டை போவம்" என்று சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. அந்த ஒரு இரவு கற்பித்தவைதான் கீழே வரும் பாதி ஆலோசனைகள்.

எனவே கிட்டிய இடத்தை எடுங்கள். ஒருநாள் தங்கிப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு, போமன்வில் அருகே ஒன்ராறியோ ஏரிக்கரையிலுள்ள டார்லிங்டன் பூங்கா நல்லது. ஏதாவது மறந்திருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். மீன்பிடிக்கப் போகிறவர்கள் கவார்த்தா ஏரிப் பகுதிக்குப் போகவேண்டும். ஒமீமிக்கு அருகே பிஜன் ஆற்றங்கரையில் எமிலி பூங்காவும், அதற்கு வடமேற்கே பால்சம் ஏரிப் பூங்காவும் இருக்கின்றன. இந்த ஏரிகளில் பல, ட்ரென்டனிலிருந்து போர்ட் செவர்ன் வரை 386 கிலோமீற்றர் நீளும் ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியால் தொடுக்கப்பட்டவை. இடத்தைப் பதியும்போது வரைபடத்தில் மூன்று விடயங்களைப் பாருங்கள்: மின்சார வசதி, மலசலகூடத்துக்கும் குளியலறைக்கும் உள்ள தூரம், நிலத்தின் மேடுபள்ளம். இரவில் இரண்டு தடவை எழும்புகிற வயதில், நடுவிலுள்ள தூரம் அழகிய ஏரிக்காட்சியைவிட முக்கியம். தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சீபாப் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு மின்சாரம் கட்டாயம் வேண்டும். மூத்தோருக்கான கட்டணச் சலுகையையும் பதியும்போதே கேட்டுப்பெறுங்கள்.

படுக்கையில் சிக்கனம் பார்க்காதீர்கள். முழங்கால் மட்டத்துக்கு உயர்ந்த மடக்குக் கட்டில் இரண்டும், நிமிர்ந்து நிற்கக்கூடிய உயரமுள்ள கூடாரமும் இருந்தால் மீதிச் சாமான்கள் எல்லாம் வீட்டில் உள்ளவையாக இருக்கலாம். கட்டிலின் கீழ் குளிர் ஏறும் என்பதால் உறக்கப்பையின் அடியில் ஒரு தடித்த கம்பளியை விரித்துக்கொள்ளுங்கள். செப்டெம்பர் இரவுகளில் வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே இறங்கும். குளிருக்காகவோ மழைக்காகவோ அடுப்பையோ கரியையோ கூடாரத்துக்குள் ஒருபோதும் மூட்டக்கூடாது. அதிலிருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் நிறமும் இல்லை; தூக்கத்திலேயே உயிர் போய்விடும். மழையானால் நான்கு பக்கமும் திறந்திருக்கும்படி உயரமாகக் கட்டிய தார்ப்பாயின் கீழ் சமையுங்கள்.

குளிசைகளை நாள்வாரியான பெட்டியில் ஐந்து நாட்களுக்கு நிரப்பி, ஒரு நாளுக்கு மேலதிகமாகவே கொண்டுபோங்கள். இன்சுலினைச் சூடேறும் வாகனத்திலும் வைக்கக்கூடாது, ஐஸ்கட்டியோடு நேரடியாகத் தொடும்படியும் வைக்கக்கூடாது. உறைந்துவிட்டால் அது பயன்படாது. நாங்கள் அதைத் துவாயில் சுற்றி, சாப்பாட்டுப் பெட்டியின் மேற்தட்டில் வைக்கிறோம். காட்டுப்பகுதியில் கைத்தொலைபேசி எடுக்காமல் போகலாம் என்பதால், பூங்காவின் பெயரையும் கூடார இலக்கத்தையும் எழுதி மகளுடைய குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டே புறப்படுகிறோம். தினமும் இரவு ஏழு மணிக்குப் பூங்கா வாசலுக்கு வந்து பேத்தியோடு இரண்டு நிமிடம் கதைப்பதும் வழக்கம். அவள் முதலில் கேட்பது எத்தனை மீன் என்பதைத்தான்.

விறகு வீட்டிலிருந்து கொண்டுபோகவேண்டாம். 2002இல் கனடாவில் கண்டுபிடிக்கப்பட்டு எண்ணற்ற ஆஷ் மரங்களைப் பட்டுப்போகச் செய்த மரகத வண்டு போன்றவை விறகோடுதான் ஊர்விட்டு ஊர் போகின்றன, பூங்காவிலேயே வாங்குங்கள். சாப்பாட்டு விடயத்தில் எங்களுடைய முறை எளிது: திங்களுக்கு வீட்டிலிருந்து புளிச்சாதம், செவ்வாய்க்குக் கட்டியாக உறையவைத்த கோழிக்கறி, புதனுக்குப் பிடித்த மீன். மீன் அகப்படாவிட்டால் முட்டை. வறுத்தரைத்த கறித்தூள், மஞ்சள், உப்பு, தேங்காய்ப்பால் மா ஆகியவற்றைச் சிறு போத்தல்களில் எடுத்துக்கொண்டால் போதும். கறிமணம் கரடியையும் றக்கூனையும் அழைக்கும் என்பதால் சாப்பாடு, குப்பை, கறிபட்ட உடுப்பு, பற்பசை எல்லாம் இரவில் பூட்டிய வாகனத்துக்குள் இருக்கவேண்டும். கருவாட்டை மட்டும் தயவுசெய்து கொண்டுபோகாதீர்கள்.

இனி மீன். கனடாவில் வசிப்பவர்களில் 65 வயதானோரும் அதற்கு மேற்பட்டோரும் 18 வயதுக்குக் குறைந்தோரும் ஒன்ராறியோவில் மீன்பிடிக்க அனுமதிப்பத்திரம் வாங்கவேண்டியதில்லை. வயதைக் காட்டும் அரசாங்க அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தால் போதும். கணவருக்கு அறுபத்தைந்து ஆகிவிட்டது என்பதால் மனைவியும் பிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. என் மனைவி மாகாணத்தின் 'அவுட்டோர்ஸ் கார்ட்' அட்டையும் அனுமதிப்பத்திரமும் எடுத்தே தூண்டில் போடுகிறார். குறைந்த எண்ணிக்கையில் மீன் வைத்திருக்கும் 'பாதுகாப்பு' வகை அனுமதிப்பத்திரம் இருவருக்குப் போதும். பிள்ளைகளும் வந்து சேர்வதானால் அன்னையர் தின, தந்தையர் தின வார இறுதிகளைப் பாருங்கள்; அந்நாட்களில் கனடாவில் வசிப்பவர்கள் அனுமதிப்பத்திரமின்றியே பிடிக்கலாம். கவார்த்தாப் பகுதி 17ஆம் மீன்வள வலயத்தில் அடங்கும். எந்த மீனை எப்போது, எத்தனை, எந்த நீளத்தில் வைத்திருக்கலாம் என்பது வலயத்துக்கு வலயம் மாறும் என்பதால், மாகாணம் வெளியிடும் விதிச்சுருக்கத்தை ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாசியுங்கள்.

முதன்முறை போகிறவர்கள் பெரிய மீனை நினைக்காமல் மஞ்சள் பெர்ச்சையும் சன்ஃபிஷையும் நாடுங்கள். ஆறடித் தூண்டில்தடி, 6ஆம் அல்லது 8ஆம் இலக்கக் கொளுக்கி, சிறு மிதப்பு, பாதி மண்புழு ஆகியவையே தேவை. சில பூங்காக்களில் நூலகப் புத்தகம்போலத் தூண்டிலை இரவல் தருவார்கள். நூலுக்குப் பாரமாக ஈயக்குண்டு வேண்டாம், தகரக்குண்டு வாங்குங்கள். அறுந்து விழுந்த ஈயத்தை விழுங்கி லூன் பறவைகள் நஞ்சேறிச் சாகின்றன; நம் ஒரு டொலர் நாணயத்தில் 1987 முதல் இருக்கும் பறவை அதுதான். காலை வெயில் ஏறுமுன்னரும் பொழுது சாயுமுன்னரும் நீர்ப்பாசிப் பற்றையின் ஓரத்தில் போடுங்கள். பெர்ச் கூட்டமாகத் திரிவதால் ஒன்று பட்ட இடத்திலிருந்து அசையவேண்டாம். மடக்குக் கதிரையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, இருவருக்கும் நடுவே தேநீர்ப் போத்தலை வைத்துக்கொண்டு, மிதப்பைப் பார்த்தபடி பேசாமல் இருக்கிற அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்காகவே நாங்கள் ஆண்டு முழுவதும் காத்திருக்கிறோம். படகேறுவதானால் ஆளுக்கொரு மிதவைச்சட்டையைப் படகில் வைத்திருந்தால் மட்டும் போதாது, அதை அணிந்துகொள்ளுங்கள். மிஞ்சிய புழுக்களைக் காட்டில் கொட்டாதீர்கள். அவை இந்த மண்ணுக்குரியவை அல்ல. சருகுப் படையைத் தின்று காட்டைக் கெடுக்கின்றன.

பெர்ச்சின் முதுகுச் செட்டை முட்கள் ஊசிபோன்றவை, செவுள் மூடியும் கூரானது. இரண்டாம் ஆண்டில் வெறுங்கையால் பிடித்து என் பெருவிரலில் முள் ஏறியது. நீரிழிவுக்காரனாகிய எனக்கு அந்தச் சிறு காயம் ஆற மூன்று வாரங்கள் சென்றன. தடித்த கையுறையும் நீண்டமூக்குக் குறடும் இல்லாமல் இப்போது நான் மீனைத் தொடுவதில்லை. தலைப்பக்கமிருந்து வாலை நோக்கி ஈரக்கையால் தடவிப் பிடித்தால் முட்கள் படிந்துவிடும். பிடித்தவுடன் குடலை எடுத்து ஐஸில் வையுங்கள். குடலை ஏரியில் எறியாமல், பூங்காவின் மீன் துப்புரவுக் கொட்டிலில் அல்லது கரடி திறக்கமுடியாத குப்பைத்தொட்டியில் போடுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகும் மீனைக் கறிக்கு வெட்டுவதுபோலத் துண்டுபோட்டுக் கலந்துவிடாதீர்கள். வழியில் அதிகாரி பார்த்தால் எத்தனை மீன், என்ன இனம் என்று எண்ணி அறியக்கூடியதாக இருக்கவேண்டும். தசையை மட்டும் எடுத்தாலும் தோல் ஒட்டியிருக்கவேண்டும். நீளக் கட்டுப்பாடுள்ள மீனை முழுதாகவே கொண்டுபோங்கள்.

கரையில் சமைக்கும் பெர்ச்சுக்கு அதிகம் வேண்டியதில்லை. மஞ்சளும் உப்பும் தேசிக்காய்ச் சாறும் பூசிக் கால் மணித்தியாலம் வைத்தால் குளத்து மீனின் மண்வாடை போய்விடும். அதன்பின் மிளகாய்த்தூளும் சிறிது அரிசிமாவும் தடவி, ஆழமில்லாத எண்ணெயில் தோல்பக்கம் முதலில் படும்படி இட்டு, ஓரம் பொன்னிறமாகும்போது ஒரு தடவை மட்டும் திருப்புங்கள். இரும்புச் சட்டியில் கடைசியாகக் கறிவேப்பிலை போட்டு அது பொரியும்போது எழும் மணத்தில், பக்கத்துக் கூடாரத்து முதியவர் ஒருவர் கதிரையோடு வந்து உட்கார்ந்ததும் உண்டு. பேரப்பிள்ளைகளுக்கும் கர்ப்பிணி மருமகளுக்கும் கொடுப்பதானால், மாகாணம் வெளியிடும் ஒன்ராறியோ மீன் உண்பதற்கான வழிகாட்டியில் அந்த ஏரியைத் தேடி, குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் தனியாகக் கொடுத்திருக்கும் அளவைப் பாருங்கள். வேட்டையாடி வாழும் பெரிய மீன்களின் தசையில் பாதரசம் சேரும், தோலை உரித்தாலும் கொழுப்பை நீக்கினாலும் அது போகாது. சிறு பெர்ச்சில் அந்தக் கவலை குறைவு.

புல்லில் நடந்து வந்ததும் காற்சட்டை, காலுறை மடிப்புகள், முழங்காலின் பின்புறம், தலைமயிர் எல்லாவற்றிலும் உண்ணி இருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் பாருங்கள். கடித்திருந்தால் கூரிய இடுக்கியால் தோலுக்கு மிக அருகில் உண்ணியைப் பிடித்து நேராக இழுத்தெடுத்து, திகதியைக் குறித்துவைத்து, வீட்டுக்கு வந்ததும் வைத்தியரிடம் சொல்லுங்கள். உண்ணிக் கடியால் வரும் லைம் நோயைத் தொடக்கத்தில் கண்டால் மருந்து எளிது.

வியாழக்கிழமை கூடாரத்தைக் கழற்றும்போது பனி ஈரம் இருக்கத்தான் செய்யும். அப்படியே சுருட்டிவைத்தால் ஒரு கிழமைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் பேஸ்மென்றில் கொடிகட்டி விரித்து, மின்விசிறியைப் போட்டு, இரண்டு நாட்கள் காயவிடுங்கள். எங்கள் வீட்டில் அது திங்கட்கிழமை காலைவரை தொங்கும். ஏழரைக்கு வந்திறங்கும் பேத்தி சப்பாத்தைக் கழற்றியதும் நேரே கீழே ஓடி, அதற்குள் புகுந்துகொண்டு, அம்மம்மாவைப் பாணும் பாலும் அங்கேயே கொண்டுவரச் சொல்வாள்.