சூரியப் புள்ளிக்கும் நம் ஊர் மழைக்கும் தொடர்பு உண்டா: குறிப்பேடு வைத்துச் சோதிக்கும் முறை

சூரியனில் புள்ளிகள் பெருகினால் மழை பொய்க்கும் என்றும், காஸ்மிக் கதிர்கள் கூடினால் மேகம் திரளும் என்றும் அவ்வப்போது பேச்சு எழுகிறது. தாராபுரம், காங்கயம் பக்கம் மானாவாரியாகச் சோளம் விதைப்பவர், இது தம் ஊருக்குப் பொருந்துமா என்பதை மழைக் குறிப்பேட்டையும் பொதுவில் கிடைக்கும் சூரியக் கணக்கையும் வைத்துத் தாமே சோதித்துக்கொள்ளலாம்.

முதலில் இயக்கத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை சூரியப் புள்ளிகள் பெருகித் தணிகின்றன. அவை மிகும் காலத்தில் சூரியக் காற்றின் காந்தப்புலம் வலுத்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை விலக்கிவிடுவதால் பூமியை எட்டும் கதிர்கள் குறைகின்றன. கதிர் குறைந்தால் மேகமும் குறையும் என்பது 1997-இல் டென்மார்க்கின் ஸ்வென்ஸ்மார்க் முன்வைத்த கருத்து. ஐரோப்பிய அணு ஆய்வகமான செர்னின் ‘கிளவுட்’ என்ற சோதனையில், கதிர்கள் உண்டாக்கும் அயனிகள் (மின்னேற்றம் பெற்ற அணுக்கள்), மேகத்துளிக்கு விதையாகும் நுண்துகள் பிறக்கத் துணைசெய்வது தெரிந்தது. ஆயினும் மேகங்களில் அதன் விளைவு சிறியது என்றே கணக்குகள் காட்டின. சூரிய ஒளியின் மொத்த அளவும் ஒரு சுழற்சியில் 0.1 சதவீத அளவே மாறுகிறது.

நமக்கு இன்னொரு தடையும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிச் செல்வதால், இங்கே காந்தப்புலம் கதிர்களைப் பெரிதும் திருப்பிவிடுகிறது; உதகைக்கு மேலே ஏறத்தாழ 17 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (துகளின் ஆற்றலை அளக்கும் அலகு) குறைந்த ஆற்றலுள்ள, காஸ்மிக் கதிர்களில் பெரும்பகுதியான புரோட்டான்கள் செங்குத்தாக இறங்க இயலாது. சூரியன் பெரிதும் அலைக்கழிப்பது அந்தக் குறைந்த ஆற்றல் கதிர்களைத்தான். ஆகவே, காஸ்மிக் கதிர்களை அளக்கும் பின்லாந்தின் ஔலு நிலையம் காட்டும் ஏற்ற இறக்கத்தை அப்படியே கொங்கு வானத்துக்குப் பொருத்தக் கூடாது.

மழைமானியை மரத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கு தொலைவுக்கு அப்பால், திறந்த வெளியில் வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளக்க வேண்டும். நான் முதலில் வேப்பமரத்துக்குப் பக்கத்தில் வைத்து, மழை விட்ட பிறகும் இலை சொட்டிய நீரையெல்லாம் மழையென்று எழுதி வைத்தேன்; அந்த ஆண்டுக் கணக்கை முழுவதும் தள்ள வேண்டியதாயிற்று. ஊருக்குப் போய் அளக்காத நாளைச் சுழியம் என்று எழுதாமல், கோடு போட்டு விட வேண்டும். பெரியவர்களின் ஏட்டில் ‘ஒரு உழவு மழை’ என்றிருப்பதை மில்லிமீட்டராக மாற்றிச் சேர்க்க வேண்டாம். அவரவர் மண்ணுக்கு ஏற்ப அந்த அளவு மாறும்.

மழையைக் கோடை, தென்மேற்கு, வடகிழக்கு என மூன்றாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். ஆடியில் பொள்ளாச்சி நனையும்போது தாராபுரத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மட்டுமே வந்து சேரும் என்பதால், இரண்டையும் ஒரே கணக்கில் அடைக்க முடியாது. எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை) ஆண்டுகளையும் தனியே குறிக்க வேண்டும்; இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். சேலம், கோயமுத்தூர் மாவட்டங்களையும் வாட்டிய 1876-78 பஞ்சத்தின் நடுவே, 1877-இல், வானியலாளர் லாக்கியரும் பிரிட்டிஷ் இந்திய அதிகாரி ஹண்டரும் சென்னை மாகாணப் பஞ்சங்களைச் சூரியப் புள்ளிகளோடு இணைத்து எழுதினார்கள். அப்போது பசிபிக் கடலில் மிக வலுவான எல் நினோ நடந்துகொண்டிருந்தது பிற்காலத்தில்தான் தெரிந்தது. பின்னர் இந்திய வானிலைத் துறைத் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் புள்ளிகளையும் மழையையும் ஒப்பிட்டு, அதில் பிடி கிடைக்காமல், எல் நினோவோடு தொடர்புடைய தென் அலைவு என்ற காற்றழுத்த ஊசலாட்டத்தைக் கண்டறிந்தார்.

1749 முதலான மாதவாரிப் புள்ளிக் கணக்கைப் பெல்ஜிய அரச வானியல் ஆய்வகம் வெளியிடுகிறது. மூன்று சுழற்சிகளாவது, அதாவது 33 ஆண்டு மழைக் கணக்காவது வேண்டும். புள்ளி மிகுந்த 11 ஆண்டுகளின் சராசரி மழைக்கும் குறைந்த 11 ஆண்டுகளின் சராசரிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 33 ஆண்டு மழையையும் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி, கண்டபடி ஆண்டுகளுக்குப் பங்கிட்டு, அதே கணக்கை நூறு முறை போடுங்கள். குலுக்கலிலேயே ஐந்து முறைக்கு மேல் அவ்வளவு வேறுபாடு வந்தால், உங்கள் முடிவு தற்செயலாகவே இருக்கக்கூடும்.

இடி கேட்ட நாள்களையும் எழுதி வையுங்கள். உதகையின் கிரேப்ஸ்-3 என்ற காஸ்மிக் கதிர் ஆய்வகம் 2014 டிசம்பர் 1 அன்று வந்த இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, காஸ்மிக் கதிர்கள் காற்றில் உண்டாக்கும் மியூவான் என்ற நுண்துகள்களைக் கொண்டே கணித்தது. கதிர்கள் இடியைத் தூண்டுகின்றனவா என்பதைவிட, அவற்றால் இடிமேகத்தை அளக்க முடிகிறது என்பதே உறுதியான செய்தி. 2024 மே 10 அன்று சூரிய வெடிப்புகளால் தொடங்கிய பெரும் புவிகாந்தப் புயல் (பூமியின் காந்தப்புலக் கொந்தளிப்பு) நம் கோடை இடிப் பருவத்திலேயே வந்தது. அதற்குப் பின் உங்கள் ஊரில் எத்தனை முறை இடி இடித்திருந்தாலும், ஒரு நிகழ்வு சான்றாகாது என்பதால் அதை ஏட்டில் ஒரே ஒரு வரியாக மட்டும் எழுதிக்கொண்டு அடுத்த புயலுக்குக் காத்திருங்கள்.