கிட்டார் பிரிட்ஜ் பெயர்ந்து நிற்கிறதா? நாமே ஒட்டலாம்

அக்கூஸ்டிக் கிட்டாரில் பிரிட்ஜின் (கம்பிகளின் அடிமுனை மாட்டியிருக்கும், மேற்பலகையில் ஒட்டிய மரத்துண்டு) பின்விளிம்பு லேசாகத் தூக்கினாற்போல் தெரிந்தால், ஒரு தாளின் ஓரத்தை அந்த இடுக்கில் செருகிப் பாருங்கள். தாள் நன்றாக உள்ளே போனால் அன்றே கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள். சுருதியில் நிற்கும் ஆறு ஸ்டீல் கம்பிகள் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையோடு இழுக்கின்றன. பாதி விட்டுப்போன பிரிட்ஜ், மேற்பலகையின் நாரையும் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

இடுக்கில் சூப்பர் க்ளூ விடும் யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம். உள்ளே பழைய பசை அப்படியே இருக்கும்போது புதுப் பசைக்குப் பிடிமானம் கிடைக்காது. பின்னால் முறையாகச் சரிசெய்ய வருபவருக்கும் வேலை இரட்டிப்பாகும். கம்பிகளைப் பிடித்துவைக்கும் சிறு முளைகளான ‘பின்’களின் (pin) துளை வரிசையில் பிரிட்ஜே பிளந்திருந்தாலோ, கிட்டார் பழையது, விலைமதிப்புள்ளது என்றாலோ, ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

கழற்றுதல்

கம்பி, பின், சேடில் (பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் மெல்லிய பட்டை) மூன்றையும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் சேடில் சூட்டில் உருகும். சில பிரிட்ஜ்களில் வெள்ளைப் பொட்டுகளுக்கு அடியில் போல்ட் ஒளிந்திருக்கும், அதையும் பாருங்கள். பிரிட்ஜைச் சுற்றி அட்டையும் அலுமினியத் தாளும் வைத்து வார்னிஷை மூடிவிட்டு, பிரிட்ஜின் மேல் இஸ்திரிப் பெட்டியால் சூடு கொடுங்கள். பசை இளகியதும் மெல்லிய, முனை மழுங்கிய தகட்டுக் கத்தியைப் பின்மூலையிலிருந்து நுழையுங்கள். கத்தி தடைப்பட்டால் மறுபடி சூடு, அவ்வளவுதான், நெம்பக் கூடாது. சிராய் கிளம்பினால் உடனே நிறுத்தி எதிர்ப்பக்கத்திலிருந்து வாருங்கள்.

சுத்தம் செய்தல்

ஒட்டு நிற்பதும் விடுவதும் இங்கேதான் தீர்மானமாகிறது. மரப்பசை வெறும் மரத்தில்தான் பிடிக்கும். பல கிட்டார்களில் பிரிட்ஜின் ஓரங்களுக்கு அடியில் வார்னிஷ் அப்படியே விடப்பட்டிருக்கும், அந்த ஓரம்தான் முதலில் பெயரும். பிளேடை நிமிர்த்திப் பிடித்து, பழைய பசையையும் வார்னிஷையும் பொறுமையாகச் சுரண்டுங்கள், ஆனால் பிரிட்ஜின் தடத்தைத் தாண்டாதீர்கள். மேற்பலகை பார்வைக்குத் தட்டையாகத் தெரிந்தாலும் பெரும்பாலும் லேசான வளைவு இருக்கும். அதனால் உப்புத்தாளை அந்த மேற்பலகையின் மேல் சொரசொரப்பு மேலே இருக்கும்படி விரித்து, அதன்மீது பிரிட்ஜைத் தேய்த்தால் அடிப்பாகம் அந்த வளைவுக்கே பொருந்திவிடும். கையால் அழுத்தும்போது எங்கும் வெளிச்சம் தெரியக் கூடாது.

ஒட்டுதல்

முதலில் பசையில்லாமல் ஒத்திகை பாருங்கள். சவுண்ட்ஹோல் (மேற்பலகையில் உள்ள பெரிய துளை) வழியாக நுழையும் நீளக்கை கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) மூன்று வேண்டும். உள்ளே, பிரேஸ்களில் (மேற்பலகையின் அடியில் ஒட்டிய தாங்குசட்டங்கள்) மோதாத அளவுக்கு ஒரு கட்டையை மெழுகுத்தாள் சுற்றி வையுங்கள். முதல், ஆறாவது துளைகளில் பின் செருகினால் பிரிட்ஜ் நகராது. கட்டையில் அந்த இடங்களில் பள்ளம் இருக்கட்டும். ஒரு மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினாலும் மேல் ஃபிரெட்களில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகள்) சுருதி விலகும்.

டைட்பாண்ட் ஒரிஜினல் போன்ற மரப்பசையை மெல்லியதாக, இடைவெளியில்லாமல் தடவுங்கள். சில நிமிடங்களுக்குள் கிளாம்ப் ஏறிவிட வேண்டும். நடுவில் முதலில், பிறகு இரு சிறகுகளிலும். ஓரம் முழுக்கப் பசை சிறு மணிகளாகப் பிதுங்கினால் அளவு சரி. ஈரத்துணியால் துடைத்துவிட்டு, பசை இறுகுமுன் பின்களை உருவிவிடுங்கள்.

24 மணி நேரம் கிளாம்பைத் தொடாதீர்கள். பிறகு கம்பிகளைக் கட்டி, ஒரேயடியாக முறுக்காமல் சிறிது சிறிதாகச் சுருதிக்கு ஏற்றுங்கள். மறுநாள் அதே தாளை எடுத்து நான்கு பக்கமும் செருகிப் பாருங்கள்.