சம்மதத்தின் வரையறையை மாற்றும்போது சறுக்கும் இடங்கள்

‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்பார்கள். வீட்டுப் பேச்சில் இருக்கும்வரை அதனால் பெரிய கேடில்லை. அதே எண்ணம் நீதிமன்றத்துக்குள் போய் உட்கார்ந்ததுதான் வினையாகிவிட்டது. பாலியல் வன்புணர்வு வழக்குகளில், வன்முறை நடந்ததா, மிரட்டல் இருந்ததா, எதிர்த்துப் போராடியதற்குக் காயம் இருக்கிறதா என்றே பல நாட்டுச் சட்டங்கள் நெடுங்காலம் கேட்டுவந்தன. பல்கேரியாவுக்கு எதிரான ஒரு வழக்கில், 2003இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இந்தப் போக்கைக் கண்டித்தது. அதன் பிறகு ஒவ்வொரு நாடாகச் சட்டத்தைத் திருத்திவருகின்றன. ஆனால் வரையறையை மாற்றிவிட்டாலே வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

‘வேண்டாம் என்றால் வேண்டாம்’, ‘சரி என்றால்தான் சரி’ ஆகிய இரண்டு முழக்கங்களையும் ஒன்றாகக் கருதுவது முதல் தவறு. ஜெர்மனி 2016இல் முன்னதைத் தேர்ந்தெடுத்தது: மற்றவர் கண்டுகொள்ளும்படி வெளிப்பட்ட விருப்பத்தை மீறினால் குற்றம். ஸ்வீடன் 2018இல் பின்னதற்குப் போனது: ஒருவர் தன்னிச்சையாகப் பங்கேற்றாரா என்பதே அங்கே கேள்வி. பயத்தில் உடல் உறைந்து, வாய் திறக்க முடியாமல் கிடந்தவரை நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். முதல் வகைச் சட்டம் அவரைக் காப்பாற்றத் தனியாக ஒரு பிரிவு எழுதியாக வேண்டும். இரண்டாவதில் வரையறையே அவரைக் காக்கிறது.

சம்மதம் என்றால் என்ன என்று அழகாக எழுதிவிட்டு, குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விடுவது இன்னும் ஆபத்தானது. ‘அவர் சம்மதித்தார் என்று நான் நம்பினேன்’ என்ற வாதம் எந்த வரையறையிலும் ஓட்டை போட்டுவிடும். இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டின் மோர்கன் வழக்கில், அந்த நம்பிக்கை உண்மையாக இருந்தால் போதும், நியாயமானதாக இருக்க வேண்டியதில்லை என்று, அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரபுக்கள் சபை சொன்னது. 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் ‘நியாயமான நம்பிக்கை’ வேண்டும் என்று அதை மாற்றியது. இடையில் ஓடியது 28 ஆண்டுகள். கனடா 1992இலேயே வேறு வழி கண்டது: சம்மதத்தை உறுதிசெய்ய நியாயமான முயற்சி எடுக்காதவர் ‘நம்பினேன்’ என்று தப்ப முடியாது. ஸ்வீடன் ஒருபடி மேலே போய், கவனக்குறைவால் நிகழும் வன்புணர்வைத் தனிக் குற்றமாகவே சேர்த்தது.

எதிர்ப்பவர்கள் பக்கமும் ஒரு தவறு உண்டு. வரையறை மாறினால் நிரபராதி என்று நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழும், இனிமேல் பத்திரத்தில் கையெழுத்து வாங்கித்தான் தொட வேண்டும் என்ற கேலி. அப்படியெல்லாம் இல்லை. எதை நிரூபிக்க வேண்டும் என்பதைத்தான் வரையறை தீர்மானிக்கிறது. யார் நிரூபிக்க வேண்டும் என்பது வேறு விஷயம். வரையறையை மட்டும் மாற்றினால் அந்தச் சுமை அரசுத் தரப்பிலேயே இருக்கும்.

அதிகம் படிக்க வேண்டிய பாடம் ஸ்பெயினுடையது. 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், வன்முறையோ மிரட்டலோ இல்லாவிட்டால் பாலியல் அத்துமீறல், இருந்தால் பாலியல் தாக்குதல் என்று பிரிந்திருந்த இரண்டு குற்றங்களை ஒன்றாக்கியது. நோக்கம் சரிதான், வன்முறை இல்லாததால் குற்றம் சிறிதாகிவிடக் கூடாது. ஆனால் இரண்டையும் ஒரே கூடைக்குள் போட்டபோது தண்டனை அளவும் விரிந்தது: வன்புணர்வுக்கான குறைந்தபட்சத் தண்டனை 6 ஆண்டிலிருந்து 4 ஆண்டாக இறங்கியது. குற்றவாளிக்குச் சாதகமான சட்டம் பழைய தீர்ப்புகளுக்கும் பொருந்தும் என்பது அங்கே அடிப்படை விதி. விளைவாக, நூற்றுக்கணக்கான கைதிகளின் தண்டனை குறைந்தது. சிலர் முன்கூட்டியே வெளியே வந்தார்கள். 2023 ஏப்ரலில் நாடாளுமன்றம் தண்டனைப் பகுதியைத் திருத்தியது, ஆனால் அதற்குள் குறைந்துவிட்ட தண்டனைகளைத் திரும்பக் கூட்ட வழியில்லை. சட்டம் எழுதியவர்கள் வரையறைப் பத்தியில் காட்டிய அக்கறையில் பாதியைத் தண்டனை அட்டவணையிலும் காட்டியிருக்கலாம்.

கடைசியாக, விதிவிலக்குகளைப் படிக்காமல் வரையறையை மட்டும் படித்துவிட்டு மெச்சுவது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த வரையறை, தற்போது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில், இரண்டாவது விளக்கமாக இருக்கிறது. ஐயத்துக்கு இடமில்லாத, தானாக முன்வந்த உடன்பாடே சம்மதம். உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாகக் கொள்ளக் கூடாது. உலக அளவில் வைத்துப் பார்த்தாலும் நல்ல வரையறை. சில வரிகள் தள்ளி, அதே பிரிவில் இரண்டாவது விதிவிலக்கும் இருக்கிறது: மனைவி 18 வயதுக்குக் குறையாதவராக இருந்தால், கணவனின் செயல் வன்புணர்வு ஆகாது.