ஜெர்மனியிலிருந்து ரயிலில் எல்லை தாண்டும் முன்

வந்து சேர்ந்து முதல் லீவு கிடைத்ததுமே பாரிஸ், ஸ்விஸ், வியன்னா என்று மனசு பறக்கும். பறக்கட்டும். ஜெர்மனியைச் சுற்றி ஒன்பது நாடுகள், ஒன்பதும் ஷெங்கனுக்குள், அதாவது தங்களுக்கிடையே வழக்கமான எல்லைச் சோதனையை விலக்கிக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்குள், இருப்பவை. ஆனால் டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன் உங்கள் கையில் என்ன ஆவணம் இருக்கிறது என்று பாருங்கள்.

ரெசிடென்ஸ் கார்டோ, தேதி முடியாத டி விசாவோ (நீண்ட நாள் தங்குவதற்கான விசா) இருந்தால் கவலை இல்லை. 180 நாளில் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் தனி விசா இல்லாமல் சுற்றலாம். சிக்கல், கார்டு வரும்வரை ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தற்காலிகச் சான்று வைத்திருப்பவர்களுக்குத்தான். அதைப் பிரித்து எந்தப் பிரிவுக்கு நேரே குறி போட்டிருக்கிறார்கள் என்று கட்டாயம் பாருங்கள். ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஆம் பிரிவின் 4-ஆம் உட்பிரிவு என்றால் பாஸ்போர்ட்டையும் பழைய விசாவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய் வரலாம். 3-ஆம் உட்பிரிவு என்றால் எல்லை தாண்டாதீர்கள். திரும்பி உள்ளே வர அந்தத் தாள் உதவாது. பலர் இந்த ஒரு கட்டத்தைக் கவனிப்பதே இல்லை. அகதி அந்தஸ்து கிடைத்தவர்கள் தங்கள் பயண ஆவணத்தோடு போகலாம். அகதி வழக்கு இன்னும் முடிவாகாதவர்கள் பொறுத்திருப்பதே நல்லது.

லண்டன் வேறு கணக்கு. அதற்கு பிரிட்டிஷ் விசா தனியாக வேண்டும். பிரஸ்ஸல்ஸிலோ பாரிஸிலோ லண்டன் போகும் யூரோஸ்டார் ரயிலில் ஏறும் முன்பே பாஸ்போர்ட் சோதனை முடிந்துவிடும் என்பதால் அங்கே நேரத்தோடு போய்ச் சேர வேண்டும்.

"ஷெங்கனுக்குள் செக்கிங்கே கிடையாது" என்று யாராவது சொன்னால் நம்பி பாஸ்போர்ட்டை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். ஆஸ்திரிய எல்லையில் 2015 முதலே சோதனை நடக்கிறது. 2024 செப்டம்பரில் ஜெர்மனி அதைத் தன் எல்லா நில எல்லைகளுக்கும் விரித்தது. சால்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் வரும் வண்டியில் ஃப்ரைலாஸிங் பக்கம் போலீஸ் ஏறி வரிசையாகப் பார்த்துக்கொண்டே வருவது சகஜம். போனில் இருக்கும் போட்டோ போதாது. பாஸ்போர்ட், கார்டு இரண்டும் ஒரிஜினலாக, கைக்கு எட்டும் பையில் இருக்கட்டும்.

டிக்கெட்டில் நான் வலியுறுத்துவது ஒன்றுதான்: முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். இரண்டாகப் பிரித்தால் சில நேரம் மலிவாகத் தெரியும். முதல் வண்டி தாமதமாகி அடுத்தது போய்விட்டால், இரண்டாவது டிக்கெட்டின் காசு உங்கள் தலையில்தான் விழும். ஒரே டிக்கெட் என்றால் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டும் என்று வாங்கிய ஸ்பார்ப்ரைஸ் என்ற சலுகை டிக்கெட்கூட அடுத்த வண்டிக்குச் செல்லும். பெயர் விஷயத்திலும் நிதானம் தேவை. நம்மில் பலருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாகவோ அப்பா பெயராகவோ இருக்கும். வீட்டில் அழைக்கும் பெயரையும் இனிஷியலையும் விட்டுவிட்டு பாஸ்போர்ட்டில் உள்ளதையே நிரப்புங்கள்.

டாய்ச்லாண்ட் டிக்கெட் (உள்ளூர் வண்டிகளுக்கான மாதாந்திர பாஸ்) வைத்திருப்பவர்கள் உள்ளூர் வண்டிகளில் சால்ஸ்பர்க் நிலையம் வரை அதிலேயே போகலாம். ஐசிஇ என்ற ஜெர்மன் அதிவேக வண்டியில் அது செல்லாது. பிரான்ஸின் அதிவேக வண்டியான டிஜிவி-யில் சீட் ரிசர்வேஷன் கட்டாயம், ஐசிஇ-யில் பெரும்பாலும் விருப்பம். குழந்தைகளோடு போனால் எதிலும் சீட் போட்டுவிடுங்கள். சில வண்டிகள் வழியில் இரண்டாகப் பிரிந்து வேறு வேறு ஊருக்குப் போகும். ஏறும்போது பெட்டியின் மேல் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. போனில் இலவச ரோமிங் அங்கே இருக்கும் என்று எண்ணி டேட்டாவை ஓட விடாதீர்கள். டிக்கெட்டையும் வரைபடத்தையும் முன்பே இறக்கி வையுங்கள்.

வண்டி ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் 50 சதவீதம் பொதுவாகத் திரும்பக் கிடைக்கும். தானாக வராது, கேட்டால்தான் தருவார்கள். டிக்கெட்டைத் தூக்கிப் போடாமல், ஊர் திரும்பியதும் மூன்று மாதத்துக்குள் விண்ணப்பித்துவிடுங்கள்.